எல்லை ஊர் வாசகசாலைக்கு ஒரு காமிக்ஸ் அலமாரி: எதையெல்லாம் வாங்கலாம்?

வேலந்தாவளம் வாசகன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர் வாசகசாலையில ஒரு அலமாரிய முழுசாக் காமிக்ஸுக்கு ஒதுக்கித் தர்றதுக்குக் கமிட்டி சம்மதிச்சிருச்சு. கேரளத்துல ஊருக்கு ஊர் கிரந்தசாலை இருக்குறது உங்களுக்குத் தெரியும். 1945ல பி. என். பணிக்கர் திருவிதாங்கூர்ல ஆரம்பிச்சு வச்ச இயக்கம் மாநிலம் முழுக்கப் பரவி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவோட இந்தக் கோடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்குது.

எங்க பக்கத்துப் பிள்ளைங்க நிலைமையச் சொல்லணும். வீட்டுல பேசுறது தமிழ். படிக்கிறது சிலருக்குத் தமிழ் மீடியம், பலருக்கு மலையாளம், இப்ப ரொம்பப் பேருக்கு இங்கிலீஷ். தமிழ்ல கதை சொன்னா நகராம உக்காந்து கேக்குதுங்க. தமிழ்ப் புத்தகத்த எடுத்து நீட்டுனா அட்டையப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துருதுங்க. எழுத்து கூட்டத் தெரியாது. மலையாளச் சிறுவர் இதழ் பாலரமா வந்தா மட்டும் அலமாரி பக்கம் ஓடி வரும்.

அதனால எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். எழுத்து பாதி தெரிஞ்ச பிள்ளையக்கூடப் படம் கையப் புடிச்சு அடுத்த பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்படிப்பட்ட புத்தகமாப் பாத்து வாங்கணும். எந்த மொழியில இருக்குதுங்கறது அதுக்கப்புறம்தான்.

நான் யோசிச்சு வச்சதுல மூணு சொல்றேன்.

ஒண்ணு, ஷான் டானோட 'தி அரைவல்'. ஆஸ்திரேலியாக்காரர், 2006ல வந்தது. முழுப் புத்தகத்துலயும் வசனமே கிடையாது. பொழைக்கிறதுக்காக ஊரு விட்டு வேற தேசம் போற ஒரு மனுசனோட கதை. அந்த ஊருல இருக்குற போர்டு, பேப்பர், டிக்கெட் எல்லாமே ஆசிரியரே கற்பனை பண்ணுன எழுத்து. படிக்கிற நமக்கும் அது புரியாது, கதையில வர்ற ஆளுக்கும் புரியாது. எழுத்து தெரியாத எடத்துல நிக்கிறது எப்படி இருக்கும்னு அவ்வளவு துல்லியமாக் காட்டுன புத்தகத்த நான் பாத்ததில்லைங்க. எங்க பிள்ளைங்களுக்கு மொதல்ல இதத்தான் கொடுப்பேன்.

ரெண்டு, சிவகாசியில இருந்து தமிழ்ல வர்ற லக்கி லூக், சிரிப்புக் கௌபாய் கதை. மூணு, ஹிரோமு அரகாவாவோட 'சில்வர் ஸ்பூன்', பதினஞ்சு வால்யூம் மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ். டவுன்ல வளர்ந்த பையன் ஹொக்கைடோவுல ஒரு விவசாயப் பள்ளிக்கூடத்துல சேர்றான். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாட்டுத் தொழுவத்துக்குப் போறான். ஒரு பன்னிக்குட்டிக்குப் பேரு வச்சு வளர்க்குறான், அது ஒரு நாளைக்குக் கறியாகப் போகுதுங்கறதும் அவனுக்குத் தெரியும். எழுதுன அம்மணியே பால்பண்ணையில பிறந்து வளர்ந்தவங்க. சித்தூர்ல பாதி வீட்டுல மாடு இருக்குது, பால் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்கு இது வெளியூர்க் கதையா இருக்காது.

நீங்க சொல்லுங்க. வேற எதெல்லாம் வைக்கலாம்?

செங்கோட்டை ரயிலடி

தம்பி, நல்ல காரியம். ஆனா அலமாரியில மொத தட்டு தமிழ் காமிக்ஸுக்குத்தான் இருக்கணும், அத விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1972ல முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோட ஆரம்பிச்சது. 1984ல லயன் காமிக்ஸ். ரெண்டுமே சிவகாசி. அதே 1984ல ராணி காமிக்ஸும் வந்தது. எங்க செங்கோட்டை ஸ்டேஷன்ல புனலூர் வண்டி வரதுக்குள்ள ஒரு புத்தகத்த முடிச்சிருவோம், மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வார பையங்க அத வாங்கிட்டுப் போவாங்க. அவங்களுக்குத் தமிழ் வாசிக்க அரைகுறையாத்தான் வரும். படம் பாத்தே கதைய ஒண்ணு விடாமச் சொல்லுவாங்க.

இரும்புக்கை மாயாவிய எடுத்துக்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். ஒரு விபத்துல கை போய் இரும்புக்கை பொருத்திக்கிட்டவன். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சிரும், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும். 1962ல இங்கிலாந்துல வந்த தொடர், வரைஞ்சவரு ஸ்பெயின்காரரு ஹெசூஸ் பிளாஸ்கோ. கருப்பு வெள்ளையில நிழல வச்சே பயத்த உண்டாக்குவாரு. ஆள் இல்லாத அறையில கதவுப் பிடி மேல ஒரு கை மட்டும் இருக்கும். அதுக்கு வசனம் எதுக்கு? நீ சொன்ன அளவுகோலுக்கு இத விடப் பொருத்தம் கிடையாது.

அடுத்தது டெக்ஸ் வில்லர். 1948ல இத்தாலியில ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, கலெப்பினி வரைய ஆரம்பிச்சது. இன்னைக்கும் வந்துக்கிட்டு இருக்கு. டெக்ஸ் வெறும் துப்பாக்கிக்காரன் கிடையாது. நவஹோ மக்கள் அவன இரவுக் கழுகுன்னு தங்க தலைவனா ஏத்துக்கிட்டாங்க. அவன் மனைவியும் அந்த மக்கள்ல ஒருத்தி. செவ்விந்தியர் நிலத்தப் பிடுங்குறவன், கலப்படச் சாராயம் விக்கிறவன், லஞ்சம் வாங்குற ராணுவ அதிகாரி, இவங்கதான் வில்லனுங்க.

கேப்டன் டைகர விட்டுறாத. பிரெஞ்சுல புளூபெரி, 1963ல தொடங்குனது. சார்லியே எழுத்து, ஜிரோ படம். அந்த ஜிரோதான் பிற்பாடு மோபியஸ்ங்கற பேருல உலகம் பூரா தெரிஞ்சவரு. 2015ல தமிழ்ல 'மின்னும் மரணம்' ஒரே தொகுப்பா வந்துச்சு. அந்தப் பாலைவனத்துல மணல் எந்த நேரத்துல எந்த நிறம்னு நீ பாக்கணும். சின்னப் பிள்ளைக்கு இல்ல, பெரியவங்க தட்டுல வை.

நகரி தறிச்சத்தம்

நான் ஆந்திரா பக்கம், நகரி. எங்க தெருவுல தறி ஓட்டுறவங்க வீட்டுல எல்லாம் தமிழ்தான் பேசுவாங்க. பிள்ளைங்க படிக்கிறது தெலுங்கு இல்லன்னா இங்கிலீஷ். வேலந்தாவளம் சார் சொன்னது அப்படியே எங்க கதையும்.

எங்க வீட்டுல ஒரு பழக்கம் இருந்துச்சு. பாட்டி தெலுங்கு சந்தமாமா வாங்குவாங்க, தாத்தா தமிழ் அம்புலிமாமா வாங்குவாரு. 1947 ஜூலையில ரெண்டு மொழியிலும் மெட்ராஸ்ல இருந்து ஒண்ணா வெளிவந்த பத்திரிகை அது, நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்குனது. படம் ரெண்டுலயும் ஒண்ணே. பொணத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு உருவுன வாளோட நடக்குற விக்கிரமாதித்தனை வரைஞ்ச சங்கர் தமிழர், 2020ல காலமானார். அவரு படம் எங்க வீட்டுல ரெண்டு மொழியிலும் திண்ணையில கிடக்கும். ரெண்டு இதழையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சு, தெலுங்குல வாசிச்ச வரிக்கு நேரா இருக்குற தமிழ் வரிய நானா கண்டுபிடிப்பேன். தமிழ் எழுத்து எனக்கு அப்படித்தான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரல.

அம்புலிமாமா காமிக்ஸ் இல்ல, படக்கதை இதழ்னு சொல்லலாம். ஆனா அந்த முறைய நீங்க எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன். ஒரே புத்தகத்த ரெண்டு மொழியில வாங்கி ஜோடியா வைங்க. அமர் சித்திரக் கதை 1967ல அனந்த் பை தொடங்குனது, பல இந்திய மொழியில வந்திருக்கு. தமிழ் ஒண்ணு, மலையாளம் ஒண்ணுன்னு தேடி வாங்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்குப் பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளம் இருக்கு, 2015ல இருந்து. படப்புத்தகங்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாத்துலயும் இலவசமா இருக்கு, அச்சடிச்சுக் கொடுக்கவும் அனுமதி உண்டு. சென்னை தூலிகா பதிப்பகம் ரெண்டு மொழியும் ஒரே பக்கத்துல இருக்குற புத்தகங்களே போடுறாங்க.

தனித்தனியா நூறு புத்தகம் வாங்குறத விட, ஜோடியா ஐம்பது வாங்குறது எல்லை ஊருக்கு நல்லது. இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

குமுளி ஏலக்காடு

நகரி அண்ணா சொன்ன ஜோடி யோசனை அருமை. நானும் அதையே செய்யச் சொல்லுவேன்.

நான் சாயங்காலம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைக. எட்டாம் வகுப்புக்கு மேல இருக்கிறவங்க கேக்கிறது மாங்காதான். அனிமே தமிழ் டப்பிங்ல வர ஆரம்பிச்சதுக்கப்புறம் ஆசை இன்னும் கூடிருச்சு. செங்கோட்டை அண்ணாச்சி கோவிச்சுக்கக் கூடாது, டெக்ஸ் வில்லர எங்க பிள்ளைகள் எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டாங்க. பொம்பளப் பிள்ளைக அதுல தங்களைத் தேடுறாங்க, கிடைக்கல. பழைய முகமூடி வீரர் (இங்கிலீஷ்ல ஃபேண்டம்) கதைகள் பத்தியும் ஒண்ணு சொல்லணும். 1936ல தொடங்குன தொடர், காட்டு மக்களை எல்லாம் ஒரு வெள்ளைக்காரனைக் கும்பிடுறவங்களாவே காட்டும். எங்க பக்கத்துல மன்னான், பளியர் பிள்ளைகளும் படிக்க வர்றாங்க. அந்தப் புத்தகத்த அவங்க கையில நான் சும்மா கொடுத்துட்டுப் போக மாட்டேன்.

மாங்கா வாங்குறவங்களுக்கு என் அனுபவம். முடிஞ்சு போன தொடரா வாங்குங்க. ஒன் பீஸ் நூறு வால்யூம் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு, ஒரு வாசகசாலையால அதைத் தாங்க முடியாது. நடுவுல ஒரு வால்யூம் தொலைஞ்சா மீதி எல்லாம் கிடப்புல கிடக்கும்.

முதல்ல 'எ சைலண்ட் வாய்ஸ்'. ஏழே வால்யூம். யோஷிடோகி ஓயிமா எழுதினது. காது கேக்காத ஒரு பொண்ண வகுப்புல கேலி பண்ணித் துரத்துன பையன், பெரியவனான பிறகு அவளைத் தேடிப் போறான். மத்தவங்க முகத்த நிமிர்ந்து பாக்க முடியாத நிலையில இருக்கிறான் அவன். அதைக் காட்டுறதுக்கு ஒவ்வொருத்தர் முகத்து மேலயும் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க. மனசு மாறும்போது அந்தக் குறி உதிர்ந்து விழும். என் வகுப்புல ஒரு பொண்ணு, இங்கிலீஷ் சுத்தமா வாசிக்க வராது, அந்தப் பக்கத்துல விரல வச்சு, "அக்கா, இவன் இப்பத்தான் இவளைப் பாக்குறான்"னு சொன்னா. ஒரு வார்த்தை படிக்காம அவளுக்கு அது புரிஞ்சுச்சு.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27 வால்யூம், 2010ல முடிஞ்சது. சில்வர் ஸ்பூன் எழுதின அரகாவாதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, செத்துப்போன அம்மாவை உயிரோட கொண்டு வரப் பாத்து, ஒருத்தன் கையும் காலும் இழக்கிறான், இன்னொருத்தன் உடம்பையே இழக்கிறான். பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து சண்டை போட்டுப் படிக்கிறது இது. நவோகி உரசாவாவோட 'புளூட்டோ' எட்டு வால்யூம். தெசூகாவோட ஆஸ்ட்ரோ பாய்ல வர்ற ஒரு கதையைப் பெரியவங்களுக்குத் திரும்பச் சொன்னது. பேய்க்கதைக்கு ஷிகேரு மிசுகியோட 'கிடாரோ'. மிசுகி போர்ல இடது கையை இழந்தவரு, மிச்சம் இருந்த வலது கையாலேயே வாழ்நாள் பூரா வரைஞ்சாரு. யட்சி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜப்பான் பேய்கள் சீக்கிரமே சொந்தமாயிரும்.

வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வாசிக்கணும்ங்கிறது பெரியவங்களுக்குத்தான் குழப்பம். பிள்ளைக ரெண்டு பக்கம் புரட்டினதுமே பழகிருவாங்க. கட்டத்துக்குக் கட்டம் மேல வலது மூலையில தொடங்கி இறங்கணும்னு முதல் பக்கத்துல பென்சில்ல அம்பு போட்டு வச்சா போதும்.

செங்கோட்டை ரயிலடி

குமுளி அக்கா சொன்னதுல கோவிக்க ஒண்ணுமில்ல. முகமூடி வீரர் விஷயத்துல நீங்க சொல்றது சரி, அத அலமாரிக்குச் சொல்ல மாட்டேன். டெக்ஸ மட்டும் விட மாட்டேன், ஏன்னா அவன் அந்த மக்களோட பக்கம் நிக்கிறவன். பதினாறு வயசுக்கு மேல இருக்கிறவங்க தட்டுல வைங்க.

பொம்பளப் பிள்ளைக தங்களைத் தேடுறாங்கன்னு சொன்னீங்கல்ல, லயன் காமிக்ஸ் 1984ல தொடங்குனதே மாடஸ்டி பிளைசிங்கற பெண் நாயகிய வச்சுத்தான். பெரியவங்களுக்கான கதை, ஆனா அப்பவே அப்படி ஒரு தொடக்கம் இருந்துச்சுங்கறதையும் சொல்லி வைக்கிறேன்.

களியக்காவிளை டீச்சர்

இந்த இழையை மிகுந்த மகிழ்ச்சியோடு வாசித்து வருகிறேன். இதுவரை பேசியதில் பெரும்பகுதி சிறுவர்களுக்கானது. வாசகசாலைக்குப் பெரியவர்களும் வருவார்கள். பேப்பர் படிக்க வருகிற ஐம்பது வயதுக்காரர் கையில் ஒரு கிராபிக் நாவலை, அதாவது படங்களால் சொல்லப்படும் நாவலை, கொடுக்க முடிந்தால்தான் அந்த அலமாரி நிலைக்கும். இல்லையென்றால் அடுத்த கமிட்டி அதைக் காலி செய்துவிட்டுப் போட்டித்தேர்வு கைடுகளை அடுக்கிவிடும்.

உங்கள் வாசகசாலை கேரளத்தில் இருப்பதால் முதலில் வாங்க வேண்டியது ஜி. அரவிந்தனின் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்'. திரைப்பட இயக்குநராக அவரை அறிந்தவர்கள் பலர். ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் இந்தத் தொடரை வரைந்தார். வேலை தேடி அலையும் ராமு என்ற இளைஞன், அவனோடு பேசிக்கொண்டே நடக்கும் குருஜி. வாரங்கள் போகப்போகக் கதாபாத்திரங்களுக்கும் வயது ஏறுகிறது. லட்சியம் பேசிய ராமு மெல்ல மெல்ல வசதியான மனிதனாகிறான், வசதிக்காகத் தன்னை விற்கிறான். எந்த வாரத்தில் அவன் மாறினான் என்று நாம் திரும்பப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. இந்தியாவில் கிராபிக் நாவல் என்ற பேச்சு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோட்டோவியத்தில் ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டார் அரவிந்தன். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மலையாளம் பேசத் தெரிந்த நம்மவர்களுக்கு இதைவிடச் சிறந்த மலையாள வாசிப்புப் பயிற்சியும் கிடையாது. வசனம் குறைவு, பேச்சுமொழி, ஒவ்வொரு கட்டத்திலும் நம்மூர் முகங்கள்.

இரண்டாவது, மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்'. ஈரான் புரட்சியையும் போரையும் ஒரு சிறுமியாக இருந்து பார்த்தவர் பிறகு பிரெஞ்சில் வரைந்தது. கோவை விடியல் பதிப்பகம் இதைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்ப் படி, ஆங்கிலப் படி இரண்டையும் வாங்கி நகரி நண்பர் சொன்னபடி ஜோடியாக வையுங்கள். நிழல் தீட்டாத தட்டையான கறுப்பு வெள்ளைப் படங்கள். முக்காடு போட்ட பெண்கள் கூட்டம் ஒரே கறுப்புப் பரப்பாக நிற்கும், அதில் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரியும்.

மூன்றாவது, ஆர்ட் ஸ்பீகெல்மேனின் 'மௌஸ்'. நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்த தந்தையிடம் மகன் கதை கேட்டு வரைகிறான். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வருகிறார்கள். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. தப்பிப் பிழைத்த தந்தை தியாகியாகக் காட்டப்படவில்லை. கஞ்சத்தனம், பிடிவாதம், இனவெறி எல்லாம் அவரிடமும் இருக்கிறது. மகன் அதை மறைக்காமல் வரைந்ததால்தான் அந்தப் புத்தகத்தை நான் நம்புகிறேன்.

நான்காவது, கெய்ஜி நகாசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்'. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிச் சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தார். தந்தையையும் அக்காவையும் தம்பியையும் இழந்தார். அதைப் பத்து வால்யூம்களாக வரைந்தார். இதை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நகரி தறிச்சத்தம்

டீச்சர், ஜென் விஷயத்துல நான் கொஞ்சம் தயங்குறேன். எரிஞ்சு தோல் உரிஞ்சு நடந்து வர்றவங்களை அவர் வரைஞ்ச பக்கங்கள் இருக்கே, பெரியவனான எனக்கே அதைத் தாண்ட முடியல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தனியா உக்காந்து அதைப் பாக்கலாமா?

களியக்காவிளை டீச்சர்

தனியாகப் பார்க்க வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நகாசாவா அதை 1973இல் தொடங்கியது சிறுவர்களுக்கான வார இதழில்தான். ஷோனென் ஜம்ப் என்ற இதழ். தன் வயதில் தான் பார்த்ததை அதே வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் எடுத்தார். அதன் பிறகு தோக்கியோவில் தன்னார்வலர்கள் கூடி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள், சம்பளம் வாங்காமல். கொடூரத்தோடு சேர்ந்து அந்தக் கதையில் பசியும் பாட்டும் கோதுமைப் பயிரும் இருக்கின்றன. மிதிபட்டாலும் நிமிர்ந்து நிற்கும் கோதுமையைப் போல் இரு என்று தந்தை மகனுக்குச் சொல்வது தொடர் முழுக்க வருகிறது. ஆசிரியரோ அக்காவோ கூட உட்கார்ந்து வாசித்தால் பிள்ளைகள் தாங்குவார்கள். என் வகுப்பில் தாங்கினார்கள், கேள்வி கேட்டார்கள்.

மேல் தட்டில் வையுங்கள். கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை சந்தை

நான் வேலந்தாவளத்துக்குப் பக்கத்து ஊருங்க. ரெண்டே புத்தகம் சொல்லிட்டுப் போறேன்.

'பீமாயணா', 2011ல நவயானா பதிப்பகம் போட்டது. அம்பேத்கர் சின்ன வயசுல மசூர் ரயில்வே ஸ்டேஷன்ல எறங்கி, வண்டிக்காரன் எவனும் ஏத்திக்காம நின்னது, தண்ணி கிடைக்காம ராத்திரி பூரா போனது, பரோடாவுல தங்க எடம் இல்லாம பூங்காவுல உக்காந்து அழுதது. வரைஞ்சவங்க துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம், கோண்டு பழங்குடி ஓவியர்கள். கட்டங்கட்டமா பிரிக்க மாட்டாங்க. பக்கம் முழுக்கக் கோலம் ஓடும், அதுவே கதைய பிரிக்கும். நல்ல வார்த்தை பேசுறவங்களோட பேச்சுக் குமிழ் பறவை வடிவத்துல இருக்கும். சாதித் திமிரோட பேசுறவங்க குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பச்சப்பிள்ளைக்குக்கூட எது விஷம்னு தெரிஞ்சிரும். எங்க பஞ்சாயத்துலயும் சுத்துப்பட்டுலயும் தண்ணிக்குத் தனி வரிசை பாத்தவங்க இன்னும் உசுரோட இருக்காங்க. இந்தப் புத்தகம் இல்லாம எந்த அலமாரியும் எனக்கு முழுசு கிடையாது.

ரெண்டாவது ஓரிஜித் சென்னோட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'. 1994ல வந்தது, நர்மதை அணைய எதுத்து நின்ன மக்களப் பத்தி. ரொம்ப நாள் கிடைக்காம இருந்து, 2022ல சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் மறுபடியும் போட்டாங்க. பிளாச்சிமடை நம்ம கண்ணு முன்னாடி. 2000ல கோகோ கோலா கம்பெனி வந்தது, கிணத்துத் தண்ணி கெட்டது, பழங்குடிப் பொம்பளைங்க பந்தல்ல உக்காந்தது, 2004ல ஆலை நின்னது. அதை இதே மாதிரி யாராவது தமிழ்லயும் மலையாளத்துலயும் வரையணுமுங்க. அந்தப் போராட்டத்துல முன்ன நின்ன மயிலம்மா பேரச் சொல்ற ஒரு படக்கதை நம்ம பிள்ளைங்க கையில இருக்கணும்.

வேலந்தாவளம் வாசகன்

கொழிஞ்சாம்பாறை அண்ணா, பீமாயணா கட்டாயம் வாங்குறோம். டீச்சர் சொன்ன அரவிந்தன் புத்தகம் எங்க கமிட்டித் தலைவருக்கே ரொம்பப் புடிச்சதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு ஆட்சேபம் வராது.

ஒரு சந்தேகம். பழைய தமிழ் காமிக்ஸ் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா சுத்துதே, அதைப் பிரிண்ட் எடுத்து வைக்கலாமான்னு ஒரு பையன் கேக்குறான். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

செங்கோட்டை ரயிலடி

வேண்டவே வேண்டாம். தமிழ்ல காமிக்ஸ் இன்னைக்கும் வாறதுக்குக் காரணம் சந்தா கட்டி வாங்குற சின்னக் கூட்டம். சிவகாசிக்கு ஒரு வாசகசாலை சந்தா போனா அது அவங்களுக்குப் பெரிய விஷயம். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்ட்ல வரும், உங்களுக்குப் பக்கம், நேருல போய்ப் பாத்து எடுங்க. சின்னப் பிள்ளைகளுக்கு லக்கி லூக்கோட சேத்து 'மதியில்லா மந்திரி'ங்கற சிரிப்புத் தொடரையும் எடுங்க. ரெண்டுலயும் பல கதைகள எழுதினவரு கோசினிதான், ஆஸ்டெரிக்ஸ் எழுதின அதே ஆளு. லக்கி லூக் வாயில இருந்த சிகரெட்ட 1983ல எடுத்துட்டு வரைஞ்ச மோரிஸே ஒரு புல்ல வச்சிட்டாரு. கமிட்டியில யாராவது கேட்டா அதச் சொல்லுங்க.

குமுளி ஏலக்காடு

பராமரிப்பு பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். கலர் காமிக்ஸ் எல்லாம் இப்ப ஆர்ட் பேப்பர்ல வருது. அது ஈரம் பட்டா பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கும், பிரிச்சா மை உரிஞ்சு வந்துரும். எங்க மலையில ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சுவரே வேர்க்கும். உங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிறதால அவ்வளவு மோசம் இருக்காது, இருந்தாலும் அலமாரிய வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீங்க. புத்தகத்தை நெருக்கி அடைக்காம விரல் போற இடைவெளி விடுங்க. மாங்காவுக்குச் சாதாரணத் தாள், ஒட்டாது. ஆனா பசை பைண்டிங் சீக்கிரம் விடும், அதனால புதுசா வந்ததும் முதுகுல துணி டேப் ஒட்டிட்டுத்தான் வெளிய விடணும்.

இன்னொண்ணு, பெரியவங்களுக்கு ஜிரோ தானிகுச்சியோட 'எ டிஸ்டன்ட் நெய்பர்ஹுட்' சேர்த்துக்குங்க. நாப்பத்தெட்டு வயசு ஆளு, தப்பான ரயில்ல ஏறிச் சொந்த ஊருல இறங்கி, அம்மா சமாதிகிட்ட மயங்கி விழுந்து, பதினாலு வயசுப் பையனா எந்திரிக்கிறாரு. அப்பா வீட்டை விட்டுப் போறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. தடுக்க முடியுமான்னு பாக்குறாரு. வளைகுடாவுக்குப் போன அப்பாக்கள் இருக்கிற வீடு எல்லா ஊர்லயும் இருக்கு. இந்தப் புத்தகத்தை யார் எடுத்துட்டுப் போனாலும் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்போது பேசாம இருக்க மாட்டாங்க.

வேலந்தாவளம் வாசகன்

எல்லாரும் சொன்னத வச்சு மொத ஆர்டர் போட்டாச்சுங்க. கீழ்த்தட்டுல லக்கி லூக், மதியில்லா மந்திரி, ஸ்டோரிவீவர்ல இருந்து தமிழும் மலையாளமும் ஜோடியா அச்சடிச்ச சின்னப் புத்தகங்க, பாலரமா கட்டு. நடுத்தட்டுல தி அரைவல், சில்வர் ஸ்பூன், எ சைலண்ட் வாய்ஸ், கிடாரோ, இரும்புக்கை மாயாவி. மேல பீமாயணா, பெர்செபோலிஸ் ரெண்டு மொழியிலும், அரவிந்தன், மௌஸ், ஜென், தானிகுச்சி, மின்னும் மரணம், டெக்ஸ். ஃபுல்மெட்டலும் ரிவர் ஆஃப் ஸ்டோரீஸும் அடுத்த தவணையில.

ஜூன் 19 வாசிப்பு தினத்துல திறக்கறோம். அன்னைக்குப் பிள்ளைங்கள வச்சு ஏதாவது செய்யணும்னு இருக்குது. பேச்சுப்போட்டி வேண்டாம்னு நெனைக்கிறேன்.

களியக்காவிளை டீச்சர்

லக்கி லூக்கிலிருந்து நான்கு பக்கம் எடுத்து, புரஜெக்டரில் சுவரில் காட்டுங்கள். கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் நால்வரும் வருகிற பக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் குமிழையும் ஒவ்வொரு பிள்ளை வாசிக்கட்டும். தமிழ் எழுத்து தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் சேர்த்து நிறுத்துங்கள். தெரிந்தவள் காதில் சொல்ல, தெரியாதவன் சத்தமாக நடித்துப் பேசட்டும். துப்பாக்கிச் சத்தமும் குதிரைக் குளம்பொலியும் மிச்சமிருக்கும் எல்லாருக்கும். முடிந்ததும் அதே புத்தகத்தைக் கைக்கு எட்டும் தட்டில் வைத்துவிடுங்கள். குறைந்தது மூன்று பிரதி வாங்கி வையுங்கள், அன்று மாலையே கேட்பார்கள்.